ஆழத்து மெனிஞ்சியோமா: முழுதாக எடுப்பதா, கொஞ்சம் விட்டுவைப்பதா?

மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மூளையின் உறையில் மெதுவாக வளரும் கட்டி. உச்சந்தலைப் பக்கம் இருந்தால் உறையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டுக்கு முன்னால் இருந்தால்தான் பெரும்பாடு. பெட்ரோகிளைவல் எனப்படும் அந்த இடத்துக்குப் போகும் வழியெல்லாம் நரம்பும் ரத்தக் குழாயும்தான்.

"முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்றுதான் எந்தக் குடும்பமும் கேட்கும். அதில் நியாயமும் உண்டு. 1957இல் நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர் டொனால்ட் சிம்ப்சன் வெளியிட்ட கணக்கில், உறை, எலும்பு எல்லாம் சேர்த்து நீக்கியவர்களில் 9 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்ப வந்தது; கட்டியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களில் 44 சதவீதம். ஆனால் அது எம்.ஆர்.ஐ. வருவதற்கு முந்தைய காலம்.

ஆழத்தில் கதையே வேறு. காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, சிறுமூளையை மெல்ல ஒதுக்கி, அல்ட்ராசோனிக் கருவியால் கட்டியை உள்ளிருந்தே குடைந்து உறிஞ்சுவார்கள். உள்ளே காலியானதும் அதன் சுவர் தொய்ந்து மடியும். அந்தச் சுவரை நரம்புகளிலிருந்து பிரிப்பதுதான் மணிக்கணக்கில் இழுக்கும் வேலை. முகத்துக்குப் போகும் ஏழாவது நரம்பு கட்டியின் மேல் நாடா மாதிரி இழுபட்டுக் கிடக்கும். அது போய்விட்டால் கண் மூடாது. இரவில் மருந்து போட்டு, இமையில் டேப் ஒட்டித் தூங்க வேண்டும். விழுங்கும் நரம்பு கெட்டால் ஒரு மடக்குத் தண்ணீரும் புரையேறும்.

இன்னொரு வழி, காமா நைஃப் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை. பெயரில்தான் கத்தி, சிகிச்சையில் கத்தியே கிடையாது. புதிய கருவிகளில் 192 கோபால்ட் கதிர்கள் ஒரே புள்ளியில் குவியும். கட்டியை அது அகற்றாது, வளரவிடாமல் நிறுத்தப் பார்க்கும். சுமார் 3 செ.மீ. வரைதான் பொருந்தும், ஏற்கெனவே மூளைத்தண்டை நெருக்கும் பெரிய கட்டிக்கு இது மட்டும் போதாது.

சிறிய கட்டி, தொந்தரவு இல்லை, வயதும் ஆகிவிட்டது என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

பெரிய கட்டிக்கு நான் சாய்வது நடுவழிக்கு: மூளைத்தண்டின் மேலுள்ள அழுத்தத்தை அறுவைசிகிச்சையால் இறக்கிவிட்டு, அதோடு ஒட்டிப்போன கட்டியின் மெல்லிய படலத்தை அப்படியே விட்டு, அது வளர்ந்தால் காமா நைஃப். கட்டிக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவில் பிரிக்கத் தோதான சவ்வு இருந்தால், இளவயதினருக்கு முழுதாக எடுக்க முயலலாம். சவ்வு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. ஓரளவு காட்டிவிடும்: டி2 என்ற எம்.ஆர்.ஐ. படவகையில் கட்டியை ஒட்டிய மூளைத்தண்டு வீங்கி வெளுத்திருந்தால், அங்கே இடைவெளி இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்துப் போடும் முன் அந்தப் படத்தைக் காட்டி, "எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வீர்கள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.