பெயர் பொறித்த பரிசுப் பெட்டி வாங்குபவர்கள் கவனத்துக்கு

மரப்பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதில் நாலைந்து மக், கப், குவளைகளை அடுக்கி, மேலே பெறுபவரின் பெயரைப் பொறித்து "காபி, பானப் பிரியர்களுக்கான பரிசு" என்று விற்கிறார்கள் அல்லவா? தயவுசெய்து அதை வாங்காதீர்கள். எங்களுக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். பெட்டிக்குள் இருந்த பொருட்களில் இரண்டு உடம்புக்கே கேடு செய்யக்கூடியவை என்பதால் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்களோடு நெடுங்காலம் வேலை பார்த்த ஓர் அக்கா ஓய்வு பெற்றார். எல்லோரும் பணம் போட்டு இந்தப் பெட்டியை ஆர்டர் செய்து கொடுத்தோம். தானாகக் கலக்கும் மக், சூடு பட்டால் நிறம் மாறும் கப், மூடியில் வெப்பநிலை காட்டும் பிளாஸ்க், ஒரு ஜோடி செம்புக் குவளை, ஐஸுக்குப் பதில் போட்டுக்கொள்ளும் கல் கட்டிகள், மூங்கில் பயணக் கப். எல்லாவற்றிலும் அக்காவின் பெயர். பெட்டியைத் திறந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

கொஞ்ச நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாயில்லப்பா, அழகாத்தானே இருக்கு, ஷோகேஸ்ல வச்சுக்கிறேன்" என்றார். விட்டுவிடாமல் கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த வியாபாரம் ஓடுவதே இப்படித்தான் என்று அப்போது புரிந்தது. பணம் கொடுக்கிறவர் அந்த மக்கில் ஒரு நாளும் குடிக்கப்போவதில்லை. குடிக்கிறவர், கொடுத்தவர் மனம் நோகுமே என்று வாய் திறக்கமாட்டார். புகார் போக வேண்டிய வழி இரண்டு பக்கமும் அடைந்து கிடக்கிறது. விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் பெட்டியைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக மட்டுமே இவற்றைச் செய்கிறார்கள்.

தானாகக் கலக்கும் மக்கின் அடியில் சின்ன மோட்டாரும் பேட்டரியும் இருக்கின்றன. கூடவே வந்த தாளில் பொடி எழுத்தில் "தண்ணீரில் மூழ்கவிடக் கூடாது" என்று போட்டிருக்கிறது. பால் ஊற்றிக் குடிக்கிற பாத்திரத்தை முழுதாகக் கழுவக் கூடாதாம்! மோட்டாரின் தண்டு நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தில் பால் கசிந்து நின்று நாறியிருக்கிறது. நிறம் மாறும் கப்பிலும் இதே பிரச்சினைதான். சூட்டில் நிறமிழக்கும் சாயத்தை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து மேலே பூசியிருப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரியும், வெயிலில் வைத்தாலும் சாயம் செத்துப்போகும். இதையும் எங்கும் தெரியும்படி எழுதவில்லை.

பிளாஸ்க்கில்தான் அப்பட்டமான ஏமாற்று. இரண்டு சுவர்களுக்கு இடையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் சூடு எளிதில் வெளியேறாது. 1892-ல் ஜேம்ஸ் டிவார் என்ற விஞ்ஞானி செய்த குடுவையிலிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. எங்களுக்கு வந்ததில் வெந்நீர் ஊற்றியதுமே வெளிச்சுவர் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அதாவது இரட்டைச் சுவர் இருக்கிறது, நடுவில் வெற்றிடம் இல்லை. மூடியில் மின்னும் எண்ணையும் நம்ப முடியாது. உணரி மூடியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது, பிளாஸ்க் பாதி காலியானால் அது பானத்தைத் தொடுவதே இல்லை. தனி வெப்பமானி வைத்துப் பார்த்தோம், இரண்டு எண்ணும் எங்கோ எங்கோ நின்றன. எந்தப் பிளாஸ்க் வாங்கினாலும் முதல் வேலையாக வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் கழித்து உடம்புப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடு ஏறியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கல் கட்டிகளை "பானத்தை நீர்க்கச் செய்யாமல் ஐஸ்போலக் குளிர்விக்கும்" என்று விற்கிறார்கள். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் சுமார் 334 ஜூல் வெப்பத்தைப் பானத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இந்தக் கட்டிகள் மாக்கல், அவை உருகப்போவதில்லை. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வரும்வரை ஒரு கிராம் கல் இழுப்பது ஏறக்குறைய 23 ஜூல்தான். கல் கனமானது என்பதையும் கணக்கில் சேர்த்து, ஒரே அளவுள்ள கட்டிகளை வைத்துப் பார்த்தாலும் ஐஸ் ஐந்து மடங்குக்கு மேல் குளிர்விக்கும். அக்கா பழச்சாற்றில் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். செம்புக் குவளை அப்படியல்ல.

குவளையின் உள்பக்கம் எந்தப் பூச்சும் இல்லாத வெறும் செம்பு. கூடவே அச்சிட்டுக் கொடுத்த அட்டையில் எலுமிச்சைச் சாறு, இஞ்சி சேர்த்த பானத்தின் செய்முறை! புளிப்பு பட்டால் செம்பு கரையும் என்பது பாத்திரம் புழங்கும் எவருக்கும் தெரியும், விற்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி உணவு விதிகள், பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்குக் கீழே உள்ள எந்த உணவும் பானமும் செம்பில் படக் கூடாது என்கின்றன. எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2-லிருந்து 3-க்குள் இருக்கும். அங்கே அயோவா மாநிலம் இதே மாதிரிக் குவளைகளைக் குறித்து 2017-ல் தனியாகவே எச்சரிக்கை விட்டது. செம்பு அதிகம் உள்ளே போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். உள்ளே வெள்ளீயமோ நிக்கலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பூசிய குவளை என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் பெட்டியில் "100 சதவீதம் தூய செம்பு" என்பதையே பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

மூங்கில் கப் இதைவிட மோசம். மூங்கிலைக் குடைந்து செய்ததென்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம். உண்மையில் அது மெலமைன், ஃபார்மால்டிஹைட் என்ற இரண்டு வேதிப்பொருட்களால் ஆன பிசினில் மூங்கில் தூளைக் கலந்து அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020-ல் இந்தக் கப்களை ஆராய்ந்து, சூடான பானம் ஊற்றும்போது ஃபார்மால்டிஹைடும் மெலமைனும் பானத்தில் இறங்குகின்றன என்றும், சாதாரண மெலமைன் பாத்திரத்தைவிட இதில் கூடுதலாகவே இறங்குகின்றன என்றும் சொன்னது. மூங்கில் தூள் கலந்த இவ்வகைப் பிளாஸ்டிக் உணவில் படும் பொருளாக விற்க அனுமதிக்கப்பட்டதல்ல என்பதால், 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் சந்தையிலிருந்து விலக்கும் நடவடிக்கையைத் தொடங்கியது. எங்கள் பெட்டியிலோ "இயற்கையானது, மட்கக்கூடியது, சூடான காபிக்கு ஏற்றது" என்று மூன்று வரி. மட்கவும் செய்யாது. விளிம்பு பளிங்குபோல் வழவழப்பாக, ஒரே சீரான நிறத்தில், நார் ஓட்டம் எதுவும் தெரியாமல் இருந்தால் அது இந்த வகைதான். சூடான எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றால், பொறித்த பெயர் குறுக்கே வந்து நிற்கிறது. பெயர் பொறித்த பொருளை ரிட்டர்ன் எடுக்கமாட்டோம் என்று கஸ்டமர் கேரில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை ஆணையைப் பாருங்கள். ஒருவருக்கென்றே தனியாகச் செய்த பொருளை மனம் மாறித் திருப்பும் உரிமையைத்தான் அது விலக்குகிறது. சொன்னபடி இல்லாத பொருளுக்கு விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது பெயர் பொறித்திருந்தாலும் மாறுவதில்லை. விற்பவர்கள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்பிவிடுகிறார்கள். பெயர் பொறித்துத் தருவதில் அவர்களுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் அப்படியே எழுதிக் கேட்டதும் அடுத்த வாங்கலுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் தந்தார்கள். அப்புறம், போட்டிருந்த விமர்சனத்தை நீக்கினால் கூப்பன் தொகையைக் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். நீக்கவில்லை. கார்டு கொடுத்த வங்கியிடம் "பொருள் விவரித்தபடி இல்லை" என்ற காரணத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பக் கேட்டோம். பிளாஸ்க்குக்கு மட்டும் வெப்பமானியோடு எடுத்த வீடியோ இருந்தது, அதற்கான தொகை மட்டும் வந்தது. மற்றவற்றுக்கு ஆதாரம் போதாது என்றார்கள். பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு பொருளையும் பயன்படுத்திப் பார்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தில் உள்ள வர்ணனையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுடைய புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து "மட்கக்கூடியது" என்ற சொல் காணாமல்போய்விட்டது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். இதே பொருட்கள் பெயரில்லாமல் தனித்தனியாக விற்கும் விலையைக் கூட்டிப் பார்த்தேன், பெட்டியின் விலையில் பாதிகூட வரவில்லை. அடித்துக் காட்டியிருந்த "பழைய விலை"க்கு அந்தப் பெட்டி எப்போதாவது விற்கப்பட்டதற்கான தடயமும் இல்லை.

இப்படியொரு பெட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், வெறும் செம்புக் குவளையில் தண்ணீருக்கு மேல் எதுவும் வேண்டாம். மூங்கில் கப்பைப் பேனா வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்க் மூடியைக் கட்டாயம் பாருங்கள். எங்களுடையதில் வெப்பநிலை காட்டும் வில்லை சும்மா நகத்தால் நெம்பினாலே கழன்றுவிட்டது, உள்ளே பட்டன் செல். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். அக்கா வீட்டுக்குப் பேரக்குழந்தைகள் வந்துபோவார்கள். அந்தச் செல்லைக் கழற்றி, இருபுறமும் டேப் ஒட்டி, மின்கழிவில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் இன்றே செய்துவிடுங்கள்.