கூண்டு ரோபோ, கோபாட், இன்னொரு ஆள்: சேலத்துப் பட்டறைக்கு எது?

சூரமங்கலத்தில் என் மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின் நான்கு. பகல் ஷிப்டுக்கு ஆள் கிடைக்கிறது, ராத்திரிதான் தலைவலி. பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் சத் பூஜைக்கு ஊருக்குப் போனார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அந்த வாரம்தான் மச்சான் கேட்டார்: "ஒரு கோபாட் வாங்கிப் போட்டுட்டா என்ன மாப்ள?"

பதில் சொல்வதற்கு முன் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துவிடலாம். கார் ஆலைகளில் வெல்டிங் அடிக்கும் பெரிய ரோபோ கூண்டுக்குள் நிற்கும். நூற்றுக்கணக்கான கிலோவைத் தூக்கி வீசுகிற வேகம் அதற்கு உண்டு. கூண்டுக் கதவைத் திறந்தால் வேலை நின்றுவிடும். கோபாட் ஆளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் சின்ன ரோபோக் கை. டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் 2008-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த யுஆர்5 கோபாட் தூக்குவது 5 கிலோ, எட்டுவது 85 செ.மீ. அதன் கையைப் பிடித்து 'இங்கே எடு, அங்கே வை' என்று இழுத்துக் காட்டினால் மனதில் வைத்துக்கொள்ளும். யார் மேலாவது இடித்தால் நின்றுவிடும்.

அப்படி இடிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2016-இல் வெளியிட்ட ஆவணம் ஒன்று உடம்பை 29 இடங்களாகப் பிரித்து, எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று வரம்பு போட்டிருக்கிறது. கையும் விரலும் இடுக்கில் மாட்டினால் 140 நியூட்டன் வரை, அதாவது சுமார் 14 கிலோ பாரம். முகத்துக்கு 65. ஆனால் கோபாட்டின் கையில் இருப்பது பிசிறு எடுக்காத இரும்புத் துண்டாக இருந்தால் இந்த எண்களை நம்பி உட்கார முடியாது. மெதுவாக வந்தாலும் கத்தி கத்திதான். அந்த இடத்தில் கோபாட்டுக்கும் வேலி போட வேண்டும், வேலி போட்டால் பாதி லாபம் போயிற்று. விற்க வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

மச்சான் பட்டறைக்கே ஒரு டீலர் கோபாட்டைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். முதல் பத்து துண்டு அழகாக ஏறி இறங்கியது. பதினோராவது துண்டு, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் கோணலாக உட்கார்ந்தது. என்னவென்று பார்த்தால், சக்கின் பிடியான ஜாவுக்கும் துண்டுக்கும் நடுவில் நகக்கண் அளவு இரும்புச் சுருள். பட்டறைப் பையன் ஒவ்வொரு முறையும் ஏர் கன்னால் ஒரு ஊது ஊதிவிட்டு, விரலால் தடவிப் பார்த்துத்தான் துண்டை வைப்பான். அது அவனுக்கு வேலை என்றே தெரியாது, கேட்டால் சொல்லவும் மாட்டான். கோபாட்டுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்: காற்றுக் குழாய், வால்வு, சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு சென்சார். அப்புறம் மெஷின் கதவு தானாகத் திறக்க வேண்டும், சக் தானாகப் பிடிக்க வேண்டும். கையின் விலையை மட்டும் கேட்டு கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 5 கிலோ என்பதும் துண்டைக் கவ்வும் கிரிப்பரையும் சேர்த்துத்தான். முடிந்த துண்டை எடுத்த கையோடு புதுத் துண்டை வைக்க இரட்டைக் கிரிப்பர் போட்டால், துண்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இன்னொரு போட்டியாளரை யாரும் பேச்சில் எடுப்பதில்லை: பார் ஃபீடர். மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் துளைக்குள் நுழையும் கம்பியிலிருந்து அறுத்தெடுக்கும் வேலைக்கு ரோபோவே வேண்டாம், கம்பியை அது தள்ளிக்கொண்டே இருக்கும். காய்ச்சி அடித்த ஃபோர்ஜிங் துண்டு, வார்ப்புத் துண்டு என்றால்தான் கை வேண்டும். அதிலும் ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஓடும் வேலையாக இருந்தால் கோபாட்டின் மெதுவான நடை உறுத்தாது, ஒரே கை இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்ளும். இருபது நொடி வேலையில் மெஷின்தான் கைக்காகக் காத்திருக்கும்.

வெளியே இது புதிதில்லை. பஜாஜ் ஆட்டோ 2010-லேயே கோபாட் பக்கம் போய்விட்டது. அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் பிஎம்டபிள்யூ கார்க் கதவுக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் சீலை அழுத்தி ஒட்டும் வேலையை 2013-இல் கோபாட்டிடம் கொடுத்தது. ஒரே அழுத்தத்தில் நாள் முழுக்கத் தேய்த்தால் மணிக்கட்டு வலிக்கிற வேலை அது. ஆனாலும் 2023-இல் உலகம் முழுக்கப் புதிதாக நிறுவிய தொழிற்சாலை ரோபோக்களில் கோபாட் பத்தில் ஒன்றுதான்.

சேலத்தின் மற்ற தொழில்களையும் பார்த்துவிடலாம். முதலில் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலை. 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை கோபாட் தூக்கும் சுமை இல்லை; அடுக்க வேண்டுமானால் கூண்டு ரோபோ, அல்லது இப்போதுள்ள லோடுமேன்கள். அரைக் கிலோ பாக்கெட்டை அட்டைப்பெட்டியில் அடுக்கும் இடம் கோபாட்டுக்கு அச்சாகப் பொருந்தும்.

செவ்வாய்பேட்டைக் கொலுசுக்கு எந்த ரோபோவும் தேறாது என்பேன். வெள்ளிக் கண்ணிகள் கைக்குள் வழுக்கி நெளியும், டிசைன் அடிக்கடி மாறும், பாதி வேலை வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. பற்றவைக்கும்போது வெள்ளியின் நிறத்தைப் பார்த்து நெருப்பை விலக்கும் அந்தக் கண்ணுக்கு மாற்று கிடைக்க நாளாகும். ஏற்காட்டில் சரிவில் நின்று, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே பழுத்த காபிப் பழத்தை மட்டும் பறிப்பது? அதைப் பேசவே வேண்டாம்.

மச்சானிடம் இப்படிச் சொன்னேன்: கம்பி வேலை ஓடும் இரண்டு மெஷினுக்குப் பார் ஃபீடர் போடுங்கள். சின்ன ஆர்டர் மாறி மாறி வரும் நான்காவதற்கு ஆளே இருக்கட்டும், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். ஒரே ஃபோர்ஜிங் துண்டு மாதக்கணக்கில் ஓடும் மூன்றாவது மெஷினுக்குத்தான் கோபாட். அதற்கும் முதலில் தானாகத் திறக்கும் கதவும் ஊதும் காற்றுக் குழாயும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோபாட் வராமலே போனாலும் அந்த இரண்டும் ராத்திரி ஷிப்டுப் பையனுக்கு உதவும்.