கேனன் 85 மிமீ எஃப்/1.8: கேண்டிட் பழகுபவர்களுக்கு ஏற்ற ஒரு பழைய லென்ஸ்

கல்யாணத்தில் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கிறவர்களின் படங்கள், எடுக்கப் பழகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். கையில் இருப்பதே போதும். லென்ஸைப் பற்றிப் பேசுவோம்.

நான் ஒரு புகைப்படக்காரருக்கு உதவியாகப் போகிறவன். மேடைக்கு முன்னால் நிற்பது அவர் வேலை, கூட்டத்துக்குள் திரிவது என் வேலை. அதற்கு நான் மாட்டிக்கொள்வது கேனன் இஎஃப் 85 மிமீ எஃப்/1.8 யுஎஸ்எம். 1992-இல் வந்தது, எடை 425 கிராம். கறுப்பாக, சின்னதாக, யார் கண்ணையும் உறுத்தாமல் இருக்கும். ஒன்றரைக் கிலோ வரும் வெள்ளை 70-200 மிமீ ஜூம் லென்ஸைத் தூக்கிப் பாருங்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் வரிசையே தலையைச் சரிசெய்துகொண்டு உங்களைப் பார்த்துப் புன்னகைக்கும். அப்புறம் எங்கே கேண்டிட்?

இந்த லென்ஸின் அருமை அது தரும் தூரம்தான். ஃபுல் ஃப்ரேமில் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார்) கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால், தலையும் தோளும் படத்தை நிறைக்க 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவர்கள் நம்மை மறந்துவிடுவதற்கு அது போதும், முகத்தில் ஓடுவது நமக்குத் தெரிவதற்கும் போதும். 50 மிமீயில் இதே படத்துக்கு இன்னும் நெருங்கிப் போகணும். அங்கேதான் ஆட்கள் விறைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பெரியவர் பழைய கதை ஒன்றைச் சொல்கிறார், நாலைந்து பேர் சுற்றி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பவர்கள் எல்லாரும் பெரியவரைத்தான் குறிவைப்பார்கள். கேட்பவர்களைப் பாருங்கள். சிரிப்பு வெடிக்கும்போது வாயும் பல்லும்தான் கிடைக்கும். அது அடங்குகிற நேரத்தில்தான் ஒருத்தி கண்ணோரத்தைத் துடைப்பாள், இன்னொருத்தி பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்வாள். அதுவரை கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கக் கூடாது. யுஎஸ்எம் மோட்டார் சத்தமில்லாமல் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும் என்பதால், காத்திருந்த முகம் கைவிட்டுப் போவது குறைவு.

எஃப்/1.8, அதாவது துளை முழுதாகத் திறந்த நிலை, இருக்கிறதே என்று எப்போதும் அதிலேயே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். ஒரு கண் கூர்மையாக இருக்கும், காது கரைந்துவிடும், பக்கத்தில் சாய்ந்தவள் முகமே இருக்காது. துளையைக் கொஞ்சம் குறைத்து எஃப்/2.8க்கு வந்து, 3 மீட்டர் தள்ளி நின்றால் 20 சென்டிமீட்டர் கிடைக்கும். இரண்டு பேரின் முகமும் சேர்ந்து விழ அது பெரும்பாலும் போதும். எஃப்/1.8ஐ வெளிச்சம் அறவே குறைந்த மூலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. முழுதாகத் திறந்து, பின்னால் வெளிச்சம் இருக்கிற மாதிரி எடுத்தால் வெள்ளை உடையின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். துளையைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். 0.85 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, அதனால் மோதிரம், கைவிரல் என்று நெருக்கமாக எடுக்க முடியாது. பக்க வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் ஹூட் தனியாகத்தான் வாங்கணும். ஐஎஸ் (இமேஜ் ஸ்டெபிலைசர்) கிடையாது என்று சிலர் குறைப்படுவார்கள். ஐஎஸ் நம் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், சிரித்துக் குலுங்குகிற ஆளை நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே விடாதீர்கள், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோவில் விட்டு 6400 வரை போக அனுமதியுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவும். கேனன் கிராப்பில் இது 136 மிமீ மாதிரி ஆகிவிடும், சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும். அவர்களுக்கு 2015-இல் வந்த 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் நல்லது. 80 மிமீ அளவுக்குத் தெரியும், எடை 160 கிராம்தான், 0.35 மீட்டர் வரை நெருங்கலாம். மோதிரத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

கேனனின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) ஆர் வரிசை கேமரா வைத்திருப்பவர்கள், பழைய லென்ஸைப் பொருத்த உதவும் கேனன் அடாப்டர் போட்டு 85ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சத்தம் வராதே என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மட்டும் போய்விடாதீர்கள்: எல்இடி விளக்குகளுக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழ வாய்ப்பு அதிகம்.

பழைய லென்ஸ் என்பதால் செகண்ட்ஹேண்டில் நிறையக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். கேமராவில் மாட்டி, எஃப்/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்தினால் துளையின் இதழ்கள் தடங்கலில்லாமல் மூடித் திறக்க வேண்டும். இதழில் எண்ணெய்க் கறை தெரிந்தால் வாங்காதீர்கள்.