சுங்கை சிப்புட்டில் வீடு வாடகைக்கு: ஓராண்டு அக்ரிமெண்டா, மாதாமாதமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரில் ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டைப் பல வருஷமாக வாடகைக்கு விடுகிறேன், இரண்டு முறையிலும் ஆள் வைத்துப் பார்த்தாகிவிட்டது. நம்முடையது போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் என் ஓட்டு மாதாமாத வாடகைக்குத்தான். ஆனால் காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வீடு கேட்டு வருபவர்களைப் பாருங்கள். மாற்றலாகி வரும் ஆசிரியர், செம்பனை ஆலை வேலைக்கு வருபவர், வேலை ஓய்ந்து, தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டை விட்டு வந்த குடும்பம். முதல் இருவருக்கும் அடுத்த மாற்றல் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ஓராண்டுக்குக் கையெழுத்து வாங்கி வைத்தாலும் கடிதம் வந்தால் போய்த்தான் ஆவார்கள், மீதி மாதங்களுக்காகக் கோர்ட் ஏறி இறங்க நம் ஊர் வாடகை கட்டுப்படியாகாது. ஈப்போ மாதிரி உடனே அடுத்த ஆளும் கிடைப்பதில்லை. இரண்டு மாதம் முன்னால் சொன்னால் ஆள் தேட நேரம் இருக்கும்.

தோட்டத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு மட்டும் இரண்டாண்டு எழுதிக் கொடுக்கிறேன். வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் அடுத்த மாதம் வீடு இருக்குமா என்று பயந்துகொண்டே இருக்கக் கூடாது. மூன்று வருஷத்தைத் தாண்டினால் நிலச் சட்டப்படி அது பதிவு செய்ய வேண்டிய குத்தகை ஆகிவிடும், அந்த வேலை நமக்கு வேண்டாம்.

அப்புறம், மாதாமாதம் என்றால் நினைத்தவுடன் ஆளை வெளியேற்றலாம் என்று சிலர் நம்புகிறார்கள். முடியாது. நோட்டீஸ் காலம் முடிந்தும் அவர் இறங்கவில்லை என்றால், 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி கோர்ட் உத்தரவோடுதான் வீட்டைத் திரும்பப் பெற முடியும், நாமே போய்ப் பூட்டை மாற்றக் கூடாது. அப்படி இறங்காமல் இருக்கும் காலத்துக்கு இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. ஓராண்டு அக்ரிமெண்டுக்கும் இதே கதைதான்.

எந்த வகையானாலும் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத தாளைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. டெபாசிட் நான் இரண்டு மாத வாடகையும், கரண்ட், தண்ணீருக்கு அரை மாதமும் வாங்குகிறேன். தெனாகா (மின்சார நிறுவனம்) கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றிய பிறகே சாவி கொடுக்கிறேன். கணக்கு நம் பெயரிலேயே இருந்தால், பில் பாக்கி வைத்துவிட்டு ஆள் போகும்போது அது நம் தலையில்தான் விழும்.