சீர் தட்டுக்குச் சாட்டினா, ஆர்கன்சாவா? ரிப்பன், லேஸ் அலங்காரத்தில் எது எங்கே எடுபடும்

நிச்சயதார்த்தத்துக்கு 11 தட்டு, கல்யாணத்துக்கு 21, வளைகாப்புக்குத் தனியாக ஒரு செட். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். எதை வைத்து அலங்கரிப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒருவருக்குச் சாட்டின் ரிப்பன், இன்னொருவருக்கு ஆர்கன்சா, மூன்றாமவருக்கு ஜரிகை லேஸ். பெரியவர்களைக் கேட்டால், "பூ இல்லாம என்ன தட்டு?"

எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். அதை எவ்வளவு கிட்டத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள்? எவ்வளவு நேரம் அது தாங்க வேண்டும்? சீர் தட்டைக் கையில் ஏந்தி வரிசையாக நடந்து வருவார்கள். அப்புறம் ஜமக்காளத்தில் பரப்பி வைப்பார்கள். சம்பந்தி வீட்டு அத்தை குனிந்து, ஒரு சாண் தூரத்தில், லேஸ் நுனி எங்கே முடிகிறது என்பது வரை பார்ப்பார். மேடைப் பின்னணியை அப்படி யாரும் பார்ப்பதில்லை. அது இருபது அடி தள்ளி, கேமரா வெளிச்சத்தில், ஒரு சாயலாகத் தெரிந்தால் போதும். இரண்டுக்கும் ஒரே சாமானை வாங்கும்போதுதான் காசும் உழைப்பும் வீணாகின்றன.

சாட்டின், ஆர்கன்சா

கடையில் கிடைக்கும் சாட்டின் ரிப்பன் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். நெசவில் நூல்கள் மேல்பக்கம் நீளமாக மிதந்து கிடக்கும், பளபளப்பு அதனால் வருகிறது. நகமோ வளையலோ பட்டால் ஒரு இழை சட்டென்று இழுபட்டுக் கோடு விழுவதும் அதனால்தான். ஆர்கன்சா மெல்லிய, விறைப்பான, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் துணி. ஒரு மடிப்பில் நிறம் வெளிறித் தெரியும், இரண்டு மூன்று மடிப்பு சேர்ந்தால் அடர்ந்து வரும். மெரூன் ஆர்கன்சாவை ரோலாகப் பார்த்து வாங்கிவிட்டு, கட்டிய பிறகு ரோஸாகத் தெரிகிறதே என்று பலர் குழம்புவார்கள். ரோலில் பத்து அடுக்கைச் சேர்த்துப் பார்த்த கண் அது. வாங்குவதற்கு முன் ஒரு முழம் உருவி, வெள்ளைத் தாள் மேல் ஒற்றையாக வைத்துப் பாருங்கள்.

சாட்டின் கேட்டால் கடைக்காரர் அடுத்து கேட்பது, "சிங்கிள் சைடா, டபுள் சைடாக்கா?" சிங்கிள் சைடில் ஒரு முகம்தான் பளபளக்கும், பின்பக்கம் மங்கல். விலை குறைவு. ரோஜா சுற்றுவதற்கும், தட்டு விளிம்பில் ஒட்டுவதற்கும் இது போதும், ஏனென்றால் பின்பக்கம் வெளியே வராது. போ, அதாவது இரண்டு பக்கமும் வளையம் விட்டுக் கட்டும் ரிப்பன் முடிச்சு, கட்டுவதென்றால் கதை வேறு. வளையத்தின் உட்பக்கமும் தொங்கும் வாலும் மங்கலாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தையும் நடுவில் பிடிக்கும்போது ரிப்பனை ஒருமுறை முறுக்கிவிட்டால் பளபளப்பான பக்கமே வெளியே நிற்கும். ஐந்தாறு போவுக்கு இது சரி. நாற்பது போ கட்ட வேண்டும் என்றால் முறுக்கி முறுக்கி விரல் வலிக்கும், பேசாமல் டபுள் சைடு வாங்கிவிடலாம்.

கிறிஸ்தவக் கல்யாணத்தில் ஆலய பெஞ்சு ஓரங்களில் கட்டும் பெரிய போவுக்கு நான் ஆர்கன்சா பக்கம். விறைப்பு இருப்பதால் வளையம் தானே நிற்கும். சாட்டின் அரை மணி நேரத்தில் தளர்ந்து காது தொங்கிவிடும், உள்ளே மெல்லிய கம்பி வைத்த ரகமாக இருந்தால் ஒழிய. வரிவரியாக மேடு தெரியும் க்ரோக்ரெயின் ரிப்பனும் நன்றாக நிற்கும். ஆனால் அதில் மின்னல் இல்லை, நம் ஊர்க் கல்யாண வெளிச்சத்தில் எடுபடாது. குழந்தைகள் பிறந்தநாள் தலைப்பட்டைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஜாவுக்குச் சாட்டினை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு அங்குல ரிப்பனில் 50, 55 சென்டிமீட்டர் வெட்டி, நடுவில் செங்குத்தாக மடித்தால் எல் எழுத்து மாதிரி வரும். கீழே இருக்கும் கையை மேலே மடிக்க வேண்டும், அப்புறம் அடுத்த கை, மறுபடி முதல் கை. இப்படி மாற்றி மாற்றி மடித்தால் சின்ன சதுர அடுக்கு உயர்ந்து வரும். நுனி வரை மடித்ததும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, அடுக்கை விட்டுவிட்டு, ஒரு முனையை மட்டும் மெதுவாக இழுங்கள். அடுக்கு தானாகச் சுருண்டு, நடுவில் குழி விழுந்து, இதழ் இதழாக மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு இழு இழுத்தால் பூ உருவிக்கொண்டு வெறும் ரிப்பனாகிவிடும். நிறுத்திய கையோடு அடியில் இரண்டு தையல். 25 கெஜம் என்று போட்ட ரோல் கிட்டத்தட்ட 22.8 மீட்டர், அதில் சுமார் நாற்பது ரோஜா வரும். தட்டுக்கு ஐந்து பூ என்றால் எட்டுத் தட்டுக்கு ஒரு ரோல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆர்கன்சாவிலும் பூ செய்யலாம். ஓரத்தில் நூல் ஓட்டி இழுத்துச் சுருக்கினால் செம்பருத்தி போல அகலமாக விரியும், படத்தில் அழகாக விழும். வம்பு எங்கே என்றால் வெட்டிய நுனியில். சாட்டினும் பிரியும், ஆனால் ஆர்கன்சா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரியும். இரண்டுக்கும் நெருப்பில் காட்டி நுனியை உருக்குவதுதான் வழி. மெழுகுவர்த்தியின் மஞ்சள் நுனியில் காட்டினால் கரி படியும், வெள்ளை ரிப்பன் வீணாகும். சுடரின் அடிப்பகுதியில், நீலம் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில், தொடாமல் கொண்டுபோனாலே பாலியெஸ்டர் சுருங்கி மூடிக்கொள்ளும். ஆர்கன்சாவுக்கு அதிலும் பாதி நேரம்தான். அசந்தால் ஓட்டை.

லேஸில் மூன்று வழி

நெட் மேல் மெஷின் எம்பிராய்டரி போட்டது, பருத்தி க்ரோஷே (கொக்கி ஊசியால் பின்னியது), ஜரிகை அல்லது கோட்டா (மினுங்கும் உலோக இழைப் பட்டை). தட்டு அலங்காரத்துக்குக் கடையில் நீட்டுவது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் அளவு. 12 அங்குலத் தட்டின் சுற்றளவு ஏறத்தாழ 96 சென்டிமீட்டர். லேஸைத் தட்டையாக ஒட்டினால் தட்டுக்கு ஒரு மீட்டர், சுருக்கு வைத்தால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். 21 தட்டுக்குச் சுருக்கு வைத்து முடிக்க நாற்பது மீட்டர்கூட ஆகும். விலை கேட்கும்போதே இதைப் பெருக்கிப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் மீட்டருக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்பது இங்கே நானூறு ரூபாய்.

ஜரிகை லேஸ் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தால் இயல்பாகச் சேரும். தங்க நிறம் வெளிச்சத்தை வாங்கித் திருப்புவதால் தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் விறைப்பு அதிகம், வட்டத்தில் வளையும்போது உள் விளிம்பு கூம்பும். அரை அங்குலத்துக்கு மேல் அகலமான ஜரிகையை வட்டத் தட்டில் ஒட்ட வேண்டாம், சதுரத் தட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நெட் லேஸ் எந்த வளைவுக்கும் இணங்கும், சுருக்குப் போட மிக எளிது, விலையும் கட்டுப்படி. கிட்டத்தில் பார்த்தால் மலிவு தெரிந்துவிடும், அதுதான் குறை. மேடை மேசையைச் சுற்றி, கேக் மேசைக்குக் கீழே, நுழைவாயில் வளைவில் தாராளமாகப் போடலாம்.

பருத்தி க்ரோஷேவை நம்மவர்கள் தட்டுக்கு அவ்வளவாக எடுப்பதில்லை. மினுமினுப்பு இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் க்ரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்திலும் இந்தக் கலைக்குப் பழைய வேர் இருக்கிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது க்ரோஷே அல்ல. திண்டின் மேல் குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு சாண் நீளத்துக்கே நெடுநேரம் பிடிக்கும் வேலை. அப்படிப்பட்ட லேஸைத் தேங்காய்த் தட்டுக்கு ஒட்டுவது பாவம். மணப்பெண்ணின் முக்காட்டு ஓரத்துக்கோ, குழந்தையின் ஞானஸ்நான உடுப்புக்கோ வைத்துக்கொள்ள வேண்டியது அது.

பருத்தி லேஸை நான் ஒரு இடத்தில் விடாமல் வைப்பேன்: ஆரத்தித் தட்டு. கற்பூரமும் திரியும் எரிகிற இடத்தில் பாலியெஸ்டர் நெட்டையோ சாட்டினையோ வைத்தால், தீ தொட்டவுடன் அது உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒழுகாது. அதையும் தட்டின் வெளி விளிம்பில் மட்டும், படிய ஒட்ட வேண்டும், சுருக்கு வேண்டாம், தொங்கும் நுனி வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குத் தண்டில் ரிப்பன் சுற்றுவதையும் இப்போது பார்க்கிறேன். அங்கே பூச்சரம்தான் சரி.

க்ளூ கன், ஊசி நூல்

பத்தில் ஒன்பது பேர் க்ளூ கன் எடுப்பார்கள், நானும் எடுப்பேன். ஒரு பூவை ஒட்டப் பத்து நொடி. 7 மில்லிமீட்டர் குச்சி போடும் சின்ன கன் வீட்டு வேலைக்குப் போதும். 11 மில்லிமீட்டர் குச்சி போடும் பெரிய கன் பசையை அதிகம் கொட்டும், மெல்லிய துணிக்கு அது ஆகாது. ஆர்கன்சாவில் எந்தக் கன்னும் சிக்கல்தான், பசை மறுபக்கம் ஊறி, காய்ந்த பிறகு மெழுகுப் பொட்டு மாதிரி தெரியும். அங்கே ஒரே வழி ஊசி நூல்.

க்ளூ கன் பசை சூட்டில் இளகும் பிளாஸ்டிக் என்பதை மறந்துவிடுகிறோம். வைகாசி முகூர்த்தத்துக்கு அலங்கரித்த தட்டுகளை, கண்ணாடி ஏற்றிய காரின் பின் சீட்டில் வைத்து வெயிலில் நிறுத்தினால், மண்டபத்தில் இறக்கும்போது பூக்கள் சாய்ந்திருக்கும். வழுவழுப்பான எவர்சில்வர், வெள்ளித் தட்டில் இந்தப் பசை பிடிப்பதும் குறைவு, சூடில்லாத நேரத்தில்கூட ஒரு தட்டுத் தட்டினால் முழுத் துண்டாக உரிந்து வரும். வெள்ளித் தட்டாக இருந்தால் அதன் மேல் பசையே படக் கூடாது. லேஸின் மேல் ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக் கோத்துத் தைத்து, பாவாடை மாதிரி தட்டு விளிம்பில் மாட்டிவிடலாம். ரோஜாக்களையும் அந்த லேஸிலேயே தைத்துவிடுங்கள். விசேஷம் முடிந்ததும் கழற்றி, தட்டைத் துடைத்து உள்ளே வைத்துவிடலாம், லேஸ் அடுத்த விசேஷத்துக்கு ஆகும்.

ஊசி நூலுக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஒட்டினால் ஒரு மாலையில் முடிகிற வேலை, தைத்தால் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கேட்கும். நான் பிரித்துக்கொள்வது இப்படி: அட்டைத் தட்டு, தெர்மகோல் பின்னணி, ஒருமுறை பயன்படுத்தி எறிவது எல்லாம் பசைக்கு. (தெர்மகோலில் சூடான பசை குழி பறிக்கும், குறைந்த சூட்டுக் கன் அல்லது ஃபெவிகால்.) உலோகத் தட்டு, குடை, பூக்கூடைப் பிடி, கையில் தூக்கி அலையும் எதுவும் ஊசிக்கு. இரட்டைப்பக்க டேப் மூன்றாவது ஆள், பரிசுப் பெட்டிக்கு மட்டும் நல்லவன், வியர்த்த கை பட்டால் விட்டுவிடும்.

பூவுக்கு எதிராகவா?

ரிப்பன் பூவை நிஜப் பூவோடு மோதவிடத் தேவையில்லை, ஆனாலும் செலவுக் கணக்கில் மோதத்தான் செய்கின்றன. முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறுவது எல்லோரும் அறிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். விடியலில் பறித்த மொட்டு அன்று மாலை மலரும், மறுநாள் காலை பழுத்துவிடும். முந்தின இரவே தயாராக வேண்டிய தட்டில் மல்லியை முதலிலேயே வைக்க முடியாது. அதனால் அடித்தளத்தை ரிப்பனும் லேஸும் ஏற்கட்டும். தட்டு கிளம்பும் நேரத்தில் ஒரு முழம் மல்லியோ நாலு ரோஜாவோ நடுவில் வைத்தால் பெரியவர்களுக்கும் திருப்தி, வாசமும் வந்துவிடும். முழுத் தட்டையும் நிஜப் பூவால் நிரப்ப நினைப்பவர்களை நான் தடுப்பதில்லை, அதிகாலை நாலு மணிக்கு எழுந்து கட்ட ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

செய்வதா, வாடகைக்கு எடுப்பதா

இப்போது அலங்கரித்த சீர் தட்டுகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரே நிறத்தில், ஒரே அளவில், பார்க்க அழகாக 21 தட்டு வந்து இறங்கும். வேலைக்குப் போகிற வீட்டில், கையுதவிக்கு ஆளில்லாத இடத்தில், நான் தயங்காமல் வாடகைக்கு எடுக்கச் சொல்வேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள். ரிப்பன் மடிப்பில் குங்குமக் கறை இருக்கிறதா, ஜரிகை கறுத்திருக்கிறதா, பூவை லேசாக அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். படத்தில் இவை எதுவும் தெரியாது.

வீட்டிலேயே செய்வதென்றால் எல்லாத் தட்டையும் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முன்னால் போகும் ஐந்து தட்டு, அதாவது மஞ்சள் குங்குமம், தாம்பூலம், பழம், புடவை, மாலை, இவற்றைச் சாட்டின் ரோஜாவும் தைத்த லேஸுமாகச் செய்யுங்கள். இனிப்பு, பருப்புத் தேங்காய், சோப்பு சீப்பு வகையறாவுக்கு நெட் போர்த்தி மேலே ஒரு ஆர்கன்சா போ. சென்னையில் என்றால் பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் ரோலாக வாங்கலாம், முழக்கணக்கில் வாங்குவதைவிட விலை படியும். ஒரே நிறத்துக்கு இரண்டு ரோல் தேவை என்றால் இரண்டையும் ஒரே தடவையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அடுத்த வாரம் அதே கடையில் அதே மெரூன் கேட்டாலும், சாயம் போட்ட ஈடு மாறியிருந்தால் ஒரு சாயல் தள்ளித்தான் கிடைக்கும்.