காலேஜ் ஸ்கோர்கார்டு: அரசியல் அறிவியலில் சேருமுன் திறக்க வேண்டிய தளம்

அமெரிக்கக் கல்வித் துறை இலவசமாகத் தரும் இந்தத் தளம், கல்லூரிகளின் பளபளப்பான கையேடுகளைவிட ஆயிரம் மடங்கு மேல். கல்லூரியைத் தேடி, படிப்புப் பிரிவுகளில் அரசியல் அறிவியலைத் திறந்தால், அதைப் படித்து முடித்தவர்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) வருமானமும் கடனும் கிடைக்கும். கல்லூரி முழுவதற்குமான எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பொறியாளர்களின் சம்பளமும் கலந்திருக்கும். சர்வதேச உறவுகள் தனிப் பிரிவு.

கடன் எண்ணில்தான் சூட்சுமம். பெற்றோரைச் சார்ந்த மாணவர் மத்திய அரசிடம் தன் பெயரில் வாங்கக்கூடியது பொதுவாக 5,500, 6,500, 7,500, 7,500 என நான்கு ஆண்டில் 27,000 டாலர்தான். அதனால் கட்டணம் எகிறும் கல்லூரியும் மலிவான கல்லூரியும் கடனில் ஒன்றுபோலத் தெரியும். பற்றாக்குறையைப் பெற்றோர் பெயரிலான பிளஸ் கடனோ தனியார் கடனோ அடைத்திருக்கலாம். பிளஸ் கடனைச் சேர்த்துப் பார்க்க வசதி உண்டு. தனியார் கடன் வரவே வராது. கடனே வாங்காதவர்களும் இந்த இடைநிலையில் இல்லை.

தவணையை நீங்களே போட்டுப் பாருங்கள். 25,000 டாலர், 6 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 278. வட்டி மட்டும் 8,300 சொச்சம். ஆண்டுக்கு 50,000 சம்பாதித்தால் வரிக்கு முந்தைய வருமானத்தில் 7 சதவீதத்துக்குள் அடங்கும். 35,000 என்றால் 9.5 சதவீதம், வாடகை கூடிய நகரில் மூச்சு முட்டும்.

சட்டம் படிக்கப் போகிறவர்கள் இந்த எண்ணோடு நிறுத்தக் கூடாது. சட்டப் படிப்புக்கு வாங்கும் கடன் இளங்கலை வரிசையில் சேராது. சிறிய துறைகளில் தனியுரிமைக்காக எண்ணையே மறைத்துவிடுகிறார்கள். அப்போது கல்லூரியின் அந்தத் துறையிடமே நேராகக் கேளுங்கள்.