குதிரை அரிப்புக்கு மாட்டு உண்ணி மருந்து: காவேரிப்பட்டணம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

அந்த மருந்தைப் பூசிய ஆளின் பெயரைப் போடவில்லை. போட்டால் சண்டைதான் வளரும். செய்த காரியம் மட்டும் தெரிந்தால் போதும்.

எங்கள் பெண்குதிரை அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்வரும், சாது. ஐப்பசி மழை பிடித்ததும் பிடரியையும் வாலடியையும் வேப்பமரத்தில் தேய்க்க ஆரம்பித்தது. பத்தே நாளில் வால், தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. வாலடியில் பச்சைப்புண்.

சந்தையில் எல்லோரும் "குதிரை டாக்டர்" என்று சொல்லும் ஒருவரைக் கூப்பிட்டோம். படித்த டாக்டர் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வந்ததும் "கொள்ளுச் சூடு" என்றார், கொள்ளை நிறுத்தச் சொன்னார், ஒரு ஊசி போட்டார். மறுநாள் அரிப்பே இல்லை. கைராசிக்காரர் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் மறுபடி தேய்ப்பு. ஒரு தடவைக்கு 1,200 ரூபாய் வீதம் மூன்று ஊசி. என்ன மருந்து என்று கேட்டால் "சத்து ஊசி" என்பார்.

நான்காம் தடவை ஊசி இல்லை. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுவந்ததை வாளித் தண்ணீரில் ஊற்றினார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது, பாச்சை உருண்டை வாசம். கழுத்திலிருந்து வால் வரைக்கும் துணியால் தேய்த்துவிட்டு 2,000 வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் குதிரை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தீனி தொடவில்லை. அதற்கடுத்த காலை லாயத்தில் ஒரு உருண்டை லத்தி கூட இல்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது. அவருக்குப் போன் போட்டேன். "மாட்டுக்குப் போட்டா ஒண்ணும் ஆகறதில்லியேப்பா" என்றார். அதற்குமேல் எடுக்கவே இல்லை.

அரசு கால்நடை மருத்துவர் வந்தார். மிச்சம் கிடந்த பாட்டிலைத் திறந்து மோந்ததுமே, "அமிட்ராஸ் மாதிரி இருக்கே, இதையா குதிரைக்குப் பூசினீங்க?" என்றார். மாட்டு உண்ணிக்கு உள்ள மருந்து. குதிரைக்குப் பட்டால் குடல் ஓட்டம் நின்று லத்தி கட்டிக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. உடம்பில் மிச்சம் இருந்ததைக் கழுவச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு பாரஃபின் எண்ணெய், ராத்திரி முழுக்க டிரிப். மூன்றாம் நாள்தான் முதல் உருண்டை லத்தி விழுந்தது, அப்போது என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிரிக்காதீர்கள், நானும்தான்.

லாயத்தைக் கூட்டும்போது ஊசிக் குப்பியும் கிடைத்தது: டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. மருத்துவர்களும் போடுவதுதான், ஆனால் அளவு பார்த்து. கண்டபடி போட்டால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகலாமாம்.

அரிப்புக்குக் காரணம் கொள்ளு அல்ல, பொடிக்கொசு. குலிகாய்ட்ஸ் என்று பெயர், மிளகுத்தூள் அளவுதான் இருக்கும். அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பிடரி, வாலடி, வயிற்றின் நடுக்கோடு, இந்த இடங்களில்தான் முக்கியமாக அரிக்கும். தீவனம் ஒத்துக்காமல் போனால் பெரும்பாலும் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். வட்ட வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு போட்டால் இன்னும் பரவும். இவ்வளவையும் மருத்துவர் லாயத்துத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

எங்கள் லாயத்துக்குப் பின்னாலேயே நெல்வயல், வாய்க்கால், பக்கத்தில் லத்திக் குப்பை. ஈர மண்ணிலும் சாணியிலும்தான் அந்தக் கொசு பெருகும். குப்பையைத் தூரத் தள்ளினோம். விடியலிலும் பொழுது சாயும்போதும் குதிரையை வெளியே கட்டுவதில்லை. பொடிக்கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது என்பதால் லாயத்தில் ஒரு பழைய டேபிள் ஃபேன், மேலே பருத்திப் போர்வை. கொள்ளு பழையபடி போகிறது. வாலடியில் புது மயிர் முள்ளு முள்ளாகக் கிளம்புகிறது.

அவசரம் என்றால் 1962-க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. எங்களுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

நேற்று போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு லாயத்தில் அந்த ஆளைப் பார்த்ததாகத் தெரிந்தவர் சொன்னார். கையில் கூல்டிரிங்ஸ் பாட்டில் இருந்ததாம்.